அம்மா கண்ணும் இஞ்ச் டேப்பும்: பிள்ளைகளின் எடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எடை அதிகம் என்று டாக்டர் எழுதி அனுப்பும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் என் அறைக்கு வருவார்கள். உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: “மேடம், இவன் சரியாவே சாப்பிட மாட்டான்.” அந்த அறையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நானும் ஓர் அம்மா. என் பையன் விஷயத்தில் நானே கோட்டை விட்டவள். அந்தக் கதையும் நடுவில் வரும்.

என் பையன் குண்டு இல்லையே, கொஞ்சம் சதைப்பிடிப்பு. அவ்வளவுதானே?

இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து அதை முடிவு செய்யாதீர்கள். நம் பிள்ளைக்கென்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம் பாருங்கள்: கொழுக் மொழுக், புஷ்டி, பூசின உடம்பு, நல்ல வளர்த்தி, அமுல் பேபி, குடும்ப வாகு. ‘குண்டு’ என்ற சொல் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

என் மகன் மூன்றாம் வகுப்பு போன வருடம், யூனிஃபார்ம் தைக்க வழக்கமான டெய்லரிடம் போனோம். டேப்பை இடுப்பில் சுற்றியவர், இறக்கிவிட்டு இன்னொரு தடவை சுற்றினார். “அக்கா, இருபத்தேழு வருது. ஆறாம் கிளாஸ் பையனுக்குத்தான் இந்த அளவு வைப்பேன்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. தினமும் அடுத்தவர் பிள்ளைகளின் இடுப்பை அளக்கிறவள் நான். என் பிள்ளையை நான் அளந்ததே இல்லை. ‘அப்பா மாதிரி கொஞ்சம் அகலம்’ என்று மனதுக்குள் எப்போதோ ஃபைலை மூடிவைத்திருந்தேன்.

எனக்கு மட்டும்தான் இப்படியா?

உலகம் பூராவும் இதே கதைதான். அமெரிக்காவின் சின்சினாட்டி பக்கம் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளின் அம்மாக்கள் 622 பேரிடம் கேட்ட ஓர் ஆய்வு 2000-ல் வந்தது. எடை அதிகமாக இருந்த பிள்ளைகளின் அம்மாக்களில் 79 சதவீதம் பேருக்குத் தங்கள் பிள்ளையின் எடை அதிகமாகத் தோன்றவில்லை. 2014-ல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எடை கூடிய பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் 2015-ல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கை. அளந்து பார்த்ததில் 369 பிள்ளைகள் ‘மிக அதிக எடை’ என்ற பிரிவில் வந்தார்கள். ‘ஆமாம், மிக அதிகம்தான்’ என்று தாங்களாகச் சொன்ன பெற்றோர் நான்கே பேர். அங்குள்ள தெற்காசியக் குடும்பங்களில் இப்படிக் குறைத்து மதிப்பிடுவது கூடுதலாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தபோது, நம்மூர் முகங்கள் சில என் நினைவுக்கு வந்தன.

இந்த ஆய்வுகளில் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். பிள்ளையோடு வருவது அவர்கள்தானே. அதற்காக அப்பாக்களின் கண் தராசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பாசம் கண்ணை மறைக்கிறது, அதுதானே காரணம்?

எனக்கு இதில் உடன்பாடில்லை. பாசம்தான் கண்ணை மறைக்கிறது என்றால், அதே பிள்ளை காய்ச்சலில் அரைக்கிலோ இளைத்தால் மட்டும் அம்மாவுக்கு எப்படி உடனே தெரிகிறது? கன்னம் ஒட்டிப்போச்சு, கழுத்தெலும்பு தெரியுது என்று துல்லியமாகச் சொல்கிறாள். அந்தக் கண்ணில் கோளாறு இல்லை. அது ஒரு திசைக்கு மட்டும் பழகியிருக்கிறது.

அப்படிப் பழகியதற்குக் காரணமும் உண்டு. நம் பாட்டிகள் காலத்தில் பிள்ளைகள் இளைத்தார்கள், அப்புறம் இறந்தும் போனார்கள். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதலாகச் சத்து மாவு கொடுத்தார்கள். 1982-ல் சத்துணவு. எல்லாமே தேவையாகத்தான் இருந்தன, பலனும் கிடைத்தது. ஆனால் பால்வாடியில் தொங்கிய அந்தத் தராசு இரண்டு தலைமுறை அம்மாக்களுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்தியது: கோடு மேலே போனால் டீச்சர் சிரிப்பார், கீழே இறங்கினால் திட்டுவார். மேலே எதுவரை போகலாம் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பயம் இன்றும் பொய்யில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019–21-ல் இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 35.5 சதவீதம். எடை அதிகமானவர்கள் 3.4 சதவீதம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆய்வில், 2015–16-ல், அது 2.1. இரண்டும் ஒரே தெருவில் நடக்கிறது, சில சமயம் ஒரே வீட்டில்.

இன்னும் இரண்டு காரணங்கள். எடை கூடிய பிள்ளைகள் வயதுக்கு வருவதற்கு முன்புவரை சக வயதுப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் உயரமாகவே இருப்பார்கள். அதனால் குண்டாகத் தெரியாமல் ‘பெரிய பையனாக’ தெரிகிறார்கள். அடுத்தது, அம்மாக்கள் பார்ப்பது எடையை அல்ல. ஓடியாடி விளையாடுகிறானா, நன்றாகச் சாப்பிடுகிறானா, யாரும் கேலி செய்கிறார்களா? இதில் குறையில்லை என்றால் பிரச்சினையும் இல்லை. சின்சினாட்டியில் 2001-ல் அம்மாக்களை உட்காரவைத்துப் பேசியபோது அவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள்.

2006-ல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எடை கூடிய பிள்ளைகளின் பெற்றோரிடம் வார்த்தையால் கேட்டபோது ‘எடை அதிகம்’ அல்லது ‘கொஞ்சம் அதிகம்’ என்றவர்கள் 36 சதவீதம். ஒல்லியிலிருந்து பருமன் வரை வரிசையாக உருவங்களை வரைந்துகாட்டி ‘உங்கள் பிள்ளை எது’ என்று கேட்டபோது, நடுத்தரமான அல்லது அதைவிடப் பெரிய உருவத்தைத் தொட்டவர்கள் 70 சதவீதம். விரல் ஒத்துக்கொள்வதை வாய் ஒத்துக்கொள்வதில்லை.

குழந்தையாக இருந்தபோது கொழுகொழுவென்று இருந்தான். இப்போது நாலு வயதில் விலா எலும்பு தெரிகிறது. இளைத்துவிட்டானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பிறந்த குழந்தை 5 மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காகும், ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அதே வேகத்தில் போனால் பத்து வயதில் யானைதான். அதனால் ஒரு வயதுக்கு மேல் உடம்பு வேகத்தைக் குறைக்கிறது. வருடத்துக்குச் சுமார் 2 கிலோ, அவ்வளவுதான். வேகம் குறைந்தால் பசியும் குறையும். உயரம் மட்டும் ஏறிக்கொண்டே இருப்பதால், ஒரு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை பிள்ளை வருடா வருடம் ஒல்லியாகிக்கொண்டே போவது இயல்பு. அந்த வயதில் விலா எலும்பு லேசாகத் தெரிவது பெரும்பாலும் ஆரோக்கியம்தான்.

நாம் என்ன செய்கிறோம்? செல்போனில் வீடியோ ஓடவிட்டு, பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கவளம் தள்ளுகிறோம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மா சொல்லவில்லை. ‘போதும்’ என்று அந்த வயிறு சொல்வதைக் கேட்கப் பிள்ளைக்குத் தெரியும். கேட்காமல் இருக்க நாம் பழக்குகிறோம். ஆறு வயதையொட்டி இந்த ஒல்லிக் கட்டம் முடிந்து உடம்பு மறுபடி பூசத் தொடங்கும். அது ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டால், பின்னாளில் எடை கூடும் வாய்ப்பு அதிகம். ‘அப்பாடா, இப்பத்தான் தேறியிருக்கான்’ என்று நாம் நிம்மதியாகும் நேரம் சில பிள்ளைகளுக்கு அதுவாக இருக்கும்.

சரி, எப்படித்தான் அளப்பது?

செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால், முதுகு, பின்தலை சுவரில் படும்படி நிற்கவையுங்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அதன் அடியில் பென்சில் கோடு. அது உயரம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீடு.

டெய்லர் கடையிலிருந்து வந்த அன்று ராத்திரி நான் போட்ட கணக்கு இது: வயது 8, உயரம் 128 செ.மீ., எடை 34 கிலோ. 34-ஐ 1.28-ஆல் இரண்டு முறை வகுத்தால் 20.75. பெரியவர்களுக்கு இது இயல்பான அளவு. 25 தாண்டினால்தான் அதிகம் என்று நாம் படித்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வயதுக்கு வயது, ஆண் பெண்ணுக்கு எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 8 வயதுப் பையனுக்கு நடுமதிப்பு 15.7. 17.4-ஐத் தாண்டினால் அதிக எடை, 19.7-ஐத் தாண்டினால் உடல் பருமன். என் பையன் எந்தப் பக்கம் என்று நானே சொல்லத் தேவையில்லை. 8 வயதுப் பெண்ணுக்கு அந்த எல்லைகள் 17.7, 20.6. பத்து வயதில் பையனுக்கு 18.5, 21.4, பெண்ணுக்கு 19.0, 22.6.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயதுக்கு 2015-ல் தனி வரைபடம் வெளியிட்டிருக்கிறது. நம் உடம்புக்கு அதில் எல்லை இன்னும் கெடுபிடி. உங்கள் குழந்தை டாக்டரிடம் அதில் புள்ளி வைத்துத் தரச்சொல்லுங்கள்.

கணக்கே வேண்டாம் என்றால் இஞ்ச் டேப் போதும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கழுத்தில் கருப்பாக அழுக்கு படிந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லையே?

தேய்க்காதீர்கள். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்காய் நார் என்று எல்லாம் போட்டுத் தோல் சிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது என்பதற்கான அடையாளம். நீரிழிவு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த வழியில் போகக்கூடும் என்று அர்த்தம். டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தப் பரிசோதனை சொல்வார். குறட்டைவிட்டு நடுநடுவே மூச்சு நிற்பது, முட்டி அல்லது இடுப்பு வலி என்று நொண்டுவது, இவற்றுக்கும் தாமதிக்க வேண்டாம்.

பிறக்கும்போது எடை குறைவு. அதனால்தான் தேற்றினோம். அது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு கண்டது நம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. புனேயில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்பும் சிறியவை. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ‘ஒல்லிக் கொழுப்பு’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இப்படிப் பிறக்கும் உடம்பில் பின்னால் அவசரமாக ஏற்றும் எடை பெரும்பாலும் தசையாகாமல் கொழுப்பாகவே சேர்கிறது. எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலும் வேளைக்கு வீட்டுச் சாப்பாடும் தேவை. பந்தயம் தேவையில்லை.

வயசுக்கு வந்தால் உயரம் இழுத்துக்கொள்ளும் என்கிறார்களே?

சிலருக்கு இழுத்துக்கொள்ளும். பலருக்கு இல்லை. பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த 2016 ஆய்வில், பருமனான சிறுவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் பதின்ம வயதிலும் பருமனாகவே இருந்தார்கள். பதின்ம வயதில் பருமனாக இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பெரியவர்களான பிறகும் அப்படியே. தள்ளிப்போடத் தள்ளிப்போட விகிதம் ஏறுவதைக் கவனியுங்கள்.

தைராய்டாக இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. ஒரு எளிய குறிப்பு: எடை கூடும் பிள்ளை நன்றாக உயரமும் வளர்ந்தால் ஹார்மோன் கோளாறாக இருப்பது அரிது. எடை மட்டும் ஏறி உயரம் நின்றுபோயிருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பெண்ணை மட்டும் எல்லோரும் சீக்கிரம் கவனிக்கிறார்களே?

ஆமாம். இங்கிலாந்து ஆய்வில்கூடப் பையன்களின் எடையைத்தான் பெற்றோர் கூடுதலாகத் தவறவிட்டார்கள். நம்மூரில் காரணம் சொல்லவே வேண்டாம். பையன் பெருத்தால் ‘ஆம்பளப் புள்ள, தெம்பா இருக்கான்’. பெண் பெருத்தால் பத்து வயதிலேயே கல்யாணப் பேச்சு. எடை கூடிய பெண்பிள்ளைகள் கொஞ்சம் முன்னதாகவே வயதுக்கு வருகிறார்கள் என்பது உண்மை, அந்தக் கவலை நியாயம். ஆனால் அண்ணனுக்கு இரண்டு முட்டையும் தங்கைக்கு அறிவுரையும் என்று நடக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. கொள்ளு ரசம் கொடுத்தால் குறையுமா?

கொள்ளு ரசம் நல்ல ரசம். கொள்ளில் புரதமும் நாரும் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் வேலை அதற்குத் தெரியாது. அந்த ரசத்துக்கு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டால் கணக்கு உங்களுக்கே புரியும். காலையில் தேன் எலுமிச்சைத் தண்ணீர், மெலிய வைக்கும் பவுடர், ராத்திரிப் பட்டினி, எதுவும் பிள்ளைக்கு வேண்டாம்.

பாலில் ஹெல்த் டிரிங்க் கலந்தால்தானே குடிக்கிறான்?

நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒன்று கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உட்பட இத்தகைய பானங்களை அந்தப் பெயரில் பட்டியலிடக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னது. சர்க்கரையும் சேர்ந்த மாவு அது. வெறும் பால் ஒரு நாளைக்கு 400, 500 மில்லி போதும்.

வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார். என்ன செய்வது?

சண்டை போட்டால் தோற்பீர்கள். ‘நீங்க கொடுக்கிறதுதான் காரணம்’ என்று சொல்லிவிட்டால் அன்று ராத்திரி பிள்ளைக்கு ரகசியமாக நெய் சோறு உறுதி. எங்கள் வீட்டில் அத்தையையே டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். உயரத்தில் பாதி எவ்வளவு என்று மகனையே கணக்குப் போடவிட்டேன். டேப்பைப் பார்த்து அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பள்ளிவிட்டு வந்தவனுக்கு மிக்சர் டப்பாவுக்குப் பதில் பட்டாணிச் சுண்டல் இருந்தது. அவர் கைப்பக்குவம், எனக்கே இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்றிருந்தது.

‘நீ குண்டாயிட்டே’ என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 4, 5 வயதுப் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்ப எடை எதுவாக இருந்தாலும், பெற்றோர் ‘எடை அதிகம்’ என்று நினைத்த பிள்ளைகள்தான் பிறகு கூடுதலாக எடை போட்டார்கள். தன்னைக் குண்டு என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளை, ஒளித்துச் சாப்பிடவும் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொள்கிறது. அப்படியானால் தெரியாமலே இருப்பது நல்லதா என்று கேட்பீர்கள். இல்லை, உங்களுக்குத் தெரிய வேண்டும். அவன் காதில் அது ஒரு பட்டப்பெயராக விழக் கூடாது, அவ்வளவுதான். தட்டைப் பற்றிப் பேசாமல் கடைக்குப் போகும் பையைப் பற்றிப் பேசுங்கள். வீட்டுக்குள் வராத பிஸ்கட்டை யாரும் மறுக்கத் தேவையில்லை.

அப்படியானால் எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டாம். எடை ஏறும் வேகத்தைப் பிடித்துவைத்தால் போதும், உயரம் வந்து கணக்கை நேர் செய்யும். எடை மிக மிக அதிகமென்றால் டாக்டர் வேறு சொல்வார்.

நாங்கள் மாற்றியது கொஞ்சம்தான். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு வந்தது, எல்லோருக்கும். ஆபீஸிலிருந்து வரும்போது முட்டை பப்ஸ் வாங்கிவரும் வழக்கத்தை என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டார். சாப்பிடும்போது செல்போன் கிடையாது, என்னுடையதும் சேர்த்து. சாயங்கால டியூஷனில் ஒன்றை நிறுத்தினோம்; அந்த ஒரு மணி நேரம் தெருவில் கிரிக்கெட். ஒன்பது மணிக்கு விளக்கு அணையும். பள்ளிப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும்.

வாரா வாரம் எடை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். மிஷினைக் கண்டாலே பிள்ளை முகம் வாடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உயரத்தோடு சேர்த்து எடுத்தால் போதும். வருடம் முடிந்தபோது என் பையன் 134 செ.மீ., 35 கிலோ. பிஎம்ஐ 19.5. ஒன்பது வயதுக்குப் பருமன் எல்லை 20.5 என்பதால், அந்தக் கோட்டுக்குக் கீழே வந்திருந்தான். அதிக எடைப் பட்டியலில் இன்னும் இருக்கிறான்.

ஜூனில் மறுபடி அதே டெய்லர். இடுப்பில் டேப்பைச் சுற்றினார், ஒரே தடவைதான். “இருபத்தேழே இருக்குக்கா. பழைய பேண்ட்டைக் கொண்டாங்க, கீழ மடிச்சு வெச்சதைப் பிரிச்சு விட்டாப் போதும்.”